கிராக்கோவில் காலாற நடக்க: பூங்கா, ஆற்றங்கரை, புல்வெளி – முழுமையான வழிகாட்டி

போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்கு வருகிறவர்கள் பலரும் இரண்டே நாளில் ஊரைச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். சந்தைச் சதுக்கம், வாவெல் குன்றின் மேல் இருக்கும் அரண்மனை, பக்கத்து ஊரின் உப்புச் சுரங்கம், அதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடுகிறது. விடுப்பு கிடைப்பதே நாலு நாள் என்றால் வேறு என்ன செய்ய முடியும். ஆனாலும் சில வருடங்களாக இங்கேயே இருப்பதால் சொல்கிறேன், அந்த நாலு நாளில் ஒரு நாளையாவது வெறுமனே நடப்பதற்கென்று ஒதுக்குங்கள். பழைய நகரம் தட்டையாக இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு வளையம்போலப் பூங்கா ஓடுகிறது, தெற்கே ஆறு வந்து தொட்டுவிட்டுப் போகிறது, மேற்கே நடந்தே போகும் தூரத்தில் கண்ணுக்கெட்டியவரை புல்வெளி. மலையேறும் காலணி, கைத்தடி, தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

என் அம்மா முதல்முறை இங்கே வந்தபோது நான் பெரிய தப்புச் செய்தேன். அவருக்கு வலது முழங்கால் வலி உண்டு என்று தெரிந்தும், ஒரே நாளில் பழைய நகரம், பழைய யூதர் பகுதியான காசிமியெஷ், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவைத்துவிட்டேன். அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் முழங்கால் வீங்கி, அடுத்த இரண்டு நாளும் ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்த்தார். அதற்குப் பிறகு, எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, எங்கே உட்காரலாம், எங்கே கழிப்பறை இருக்கிறது, முடியாவிட்டால் எங்கே டிராம் ஏறித் திரும்பலாம் என்ற மூன்றை வைத்தே நடைகளைப் பிரித்துக்கொண்டேன். கீழே இருக்கும் நடைகள் எல்லாம் அப்படி அம்மாவோடு நடந்து நடந்து தேறியவை. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இவை பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்

டிராம் டிக்கெட்டை நிறுத்தத்திலோ வண்டிக்குள்ளோ இருக்கும் இயந்திரத்தில் வாங்கலாம், வங்கி அட்டை போதும். காகித டிக்கெட் என்றால் ஏறியவுடன் அதைச் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் கையில் இருந்தாலும் பரிசோதகர் கணக்கில் நீங்கள் டிக்கெட் இல்லாதவர்தான், அபராதம் உண்டு. டிக்கெட் நிமிடக் கணக்கில் வருகிறது, அந்த நேரத்துக்குள் வண்டி மாறி ஏறலாம்.

கழிப்பறைக் கதவில் எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் வட்டமும் முக்கோணமும் மட்டும் இருந்தால் குழம்பவேண்டாம். வட்டம் பெண்களுக்கு, முக்கோணம் ஆண்களுக்கு. பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் கட்டணம் உண்டு, அதனால் சில்லறையாகக் கொஞ்சம் ஸ்வோட்டி நாணயம் பையில் இருக்கட்டும். அம்மாவோடு போகும்போது எனக்கு ஒரு வழக்கம், நடையின் நடுவில் ஒரு காபிக்கடையை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவேன். காபியும் ஆச்சு, அந்த வேலையும் ஆச்சு.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடுதல் கவனம், போலந்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளைத் திறக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பச்சைப் பலகை வைத்த ஷாப்கா போன்ற சின்னக் கடைகள் பல திறந்திருக்கும், உணவகங்களும் இயங்கும்.

வெளிச்சத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை பகல்போல இருக்கும். டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். குளிர்காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கலாம் என்று நினைத்தால் இருட்டில்தான் நடப்பீர்கள், காலை பத்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். அப்புறம் குளிர்காலக் காற்று. நகரம் ஒரு பள்ளத்தாக்கில் இருப்பதால் புகை தேங்கி நின்றுவிடும். 2019 செப்டம்பர் முதல் நகர எல்லைக்குள் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை வந்தபிறகு எவ்வளவோ மேல், இருந்தாலும் காற்றே அசையாத குளிர் நாளில் கைபேசியில் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டு, மோசமாக இருந்தால் நடையை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நடைபாதையை ஒட்டியே சைக்கிள் பாதை போகும், சில இடங்களில் சிவப்பு நிறம், சில இடங்களில் வெறும் கோடு. அதில் நின்று படம் எடுக்காதீர்கள், வேகமாக வருவார்கள். சாலையைக் கடக்கும்போது வண்டியே வராவிட்டாலும் சிவப்பு விளக்கில் கால் வைக்கவேண்டாம். இவ்வளவு போதும், கிளம்பலாம்.

முதல் நடை: பிளான்டி, நாலு கிலோமீட்டர் வளையம்

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்தைச் சுற்றி முன்பு இரட்டை மதிலும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதிலமாகிப்போன மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, 1822 முதல் 1830க்குள் அந்த இடம் முழுக்க மரம் நட்டுப் பூங்காவாக்கினார்கள். பிளான்டி என்ற பெயரைக் கேட்டால் செடிகொடியிலிருந்து வந்ததுபோலத் தோன்றும், ஆனால் அது நிலத்தைச் சமன்செய்வதைக் குறிக்கும் போலிஷ் சொல்லிலிருந்து வந்தது. சமன்செய்த நிலம் என்பதால்தான் முழங்காலுக்கு இவ்வளவு இதமாக இருக்கிறது. ஏற்றம் இறக்கம் என்று சொல்லவே ஒன்றும் கிடையாது, அடிக்கொரு பெஞ்சு, மேலே மரக்கூரை.

ரயில் நிலையத்திலிருந்து சுரங்கப்பாதை வழியாக வெளியே வந்தால் நேராகப் பிளான்டிக்குள் ஏறுவீர்கள். அங்கிருந்து வலது கைப்பக்கம் திரும்பி, பாஸ்டோவா சாலையை ஒட்டியே பூங்காவுக்குள் சில நிமிடம் நடந்தால் பார்பிகன் வரும். 1498-99இல் கட்டிய வட்டமான செங்கல் கோட்டை, உச்சியில் ஏழு சின்னக் கோபுரங்கள், மூன்று மீட்டர் தடிமனான சுவர். எதிரே ஃபுளோரியன் வாசல். மதில் முழுவதும் போனபோது இந்தத் துண்டு மட்டும் தப்பித்ததற்கு ஃபெலிக்ஸ் ரத்வான்ஸ்கி என்ற பேராசிரியரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இதையும் இடித்தால் வடக்குக் குளிர்காற்று நேராக ஊருக்குள் புகுந்து மக்களுக்கு மூட்டுவலி வரும் என்று வாதாடினாராம். அந்த வாதம் உண்மையோ பொய்யோ, கோட்டை நிற்கிறது, எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

இந்த இடத்தில் ஒப்வஜானெக் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத் தள்ளுவண்டியில் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள், உப்பு, எள், கசகசா என்று மூன்று வகை பெரும்பாலும் இருக்கும். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, கைமுறுக்கு மாதிரியே சுத்தி வெச்சிருக்காங்க” என்றார். அவர் சொன்னது சரிதான். மாவை இரண்டு இழையாகத் திரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, வளையமாக்கி, சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்த பிறகுதான் அடுப்புக்குப் போகிறது. பெயரே அந்தத் தண்ணீரில் போட்டெடுக்கும் வேலையிலிருந்து வந்ததுதான். அதனால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். காலையில் வாங்கிச் சாப்பிடுங்கள், சாயங்காலம் கல்லாகிவிடும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது, நம் ஊர்ப் புவிசார் குறியீடு போல.

பார்பிகனிலிருந்து மேற்கு நோக்கி நடையைத் தொடருங்கள், அதாவது மதில் இருந்த பழைய நகரம் எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கவேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் வரைபடமே வேண்டாம். வழியில் ஆங்காங்கே தரையை ஒட்டி முழங்கால் உயரத்துக்கும் குறைவான கல்வரிசைகள் தெரியும், பக்கத்தில் ஒரு பலகை. அவை பழைய மதிலும் காவல் கோபுரங்களும் நின்ற இடத்தின் தடம். குழந்தைகள் அதன்மேல் ஏறி நடப்பார்கள், பெரியவர்கள் கவனிக்காமலே கடந்துபோவார்கள். நின்று ஒரு பலகையையாவது பாருங்கள், எவ்வளவு நெருக்கமாகக் கோபுரங்கள் இருந்தன என்று புரியும்.

வளைவு திரும்பித் தெற்கே போகும்போது பல்கலைக்கழகப் பகுதி. யாகியெல்லோனியப் பல்கலைக்கழகம் 1364இல் தொடங்கியது, 1491 முதல் 1495 வரை கோப்பர்நிக்கஸ் இங்கே படித்தார், கையில் கருவியோடு அவர் சிலை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. அருகில் செங்கல் நிறத்தில் ஓங்கி நிற்பது கொலேகியம் நோவம். 1939 நவம்பர் 6 அன்று, சொற்பொழிவு என்று சொல்லி அங்கே பேராசிரியர்களை வரவழைத்து, வந்திருந்த 180க்கும் மேற்பட்டவர்களை நாஜிகள் கைதுசெய்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். இப்போது அதே படிக்கட்டில் மாணவர்கள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் உட்காராமல் வருவதில்லை.

இதுவரை ஏறக்குறைய பாதி வளையம். கால் வலித்தால் ஃபிரான்சிஷ்கான்ஸ்கா தெரு குறுக்கிடும் இடத்தில் டிராம் கிடைக்கும். அதைத் தாண்டினால் வாவெல் அடிவாரம் வரை டிராம் பூங்காவை விட்டுக் கொஞ்சம் விலகிப்போகும், அதனால் முடிவை இங்கேயே எடுத்துவிடுங்கள். அதே தெருவில் ஆயர் இல்லத்தின் வாசலுக்கு மேல் ஒரு ஜன்னல் இருக்கிறது, இரண்டாம் ஜான் பால் போப்பாக இங்கே வந்து தங்கிய நாட்களில் இரவில் அந்த ஜன்னலில் நின்றுதான் கீழே கூடிய இளைஞர்களோடு பேசுவார். எதிரே இருக்கும் பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் கண்ணாடி ஓவியங்கள் ஸ்தானிஸ்வாஃப் விஸ்பியான்ஸ்கி வரைந்தவை. உள்ளே போனால் பத்து நிமிடம் சத்தமில்லாமல் உட்காரலாம், வெயில் மேற்கே சாயும் நேரத்தில் அந்தக் கண்ணாடியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மிச்சப் பாதி சுலபம். வாவெல் அடிவாரத்தில் வளைந்து, கெர்த்ருடா தெருவை ஒட்டி வடக்கே ஏறி, 1893இல் கட்டிய ஸ்வோவாட்ஸ்கி நாடக அரங்கைப் பார்த்தபடி ரயில் நிலையத்துக்கே வந்துசேர்வீர்கள். கிழக்குப் பக்கம் மேற்கைவிடக் குறுகலானது, கொஞ்சம் சத்தமும் அதிகம். நிறுத்தாமல் நடந்தால் ஒரு மணி நேரம், நான் சொன்னபடி உட்கார்ந்து எழுந்து போனால் இரண்டரை மணி.

மே மாதத்தில் வந்தால் குதிரைக் கஷ்கொட்டை மரங்கள் வெள்ளைப் பூக்கொத்தை விளக்குப்போல நிமிர்த்தி வைத்திருக்கும். பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் நேரமும் அதுதான், கஷ்கொட்டை பூத்துவிட்டது என்றாலே இங்கே தேர்வு வந்துவிட்டது என்று அர்த்தம். இலையுதிர்காலத்தில் முள்ளோடு இருக்கும் பச்சைக் காய் விழுந்து வெடித்து, உள்ளேயிருந்து எண்ணெய் தேய்த்த தேக்குபோலப் பளபளக்கும் கொட்டை உருண்டு வரும். குழந்தைகள் பை நிறையப் பொறுக்குவார்கள். கையில் வைத்து உருட்ட அவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் வாயில் போட்டுவிடக் கூடாது, அது உண்ணும் கஷ்கொட்டை இல்லை, நச்சுத்தன்மை உள்ளது.

இரண்டாம் நடை: வாவெல் முதல் பெர்னாட்கா பாலம் வரை, ஆற்றோரமாக

ஆங்கிலத்தில் விஸ்டுலா என்று படித்திருப்பீர்கள், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, வீஸ்வா என்றுதான் சொல்வார்கள். போலந்தின் மிக நீண்ட ஆறு, 1,047 கிலோமீட்டர். வாவெல் குன்றின் காலடியில் ஒரு வளைவு வளைந்து போகிறது, நம் நடை அந்த வளைவில் தொடங்குகிறது.

குன்றுக்கு ஆற்றுப் பக்கமாகச் சுற்றி வந்தால், பாறை மேல் உலோக டிராகன் நிற்கும். சிற்பி புரோனிஸ்வாஃப் ஹ்ரோமி செய்தது, 1972இலிருந்து இங்கே இருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை வாயிலிருந்து நிஜ நெருப்பைக் கக்கும். சுற்றி நிற்கும் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், முதலில் ஒரு சீறல் கேட்கும், அப்புறம் புஸ்ஸென்று ஒரு தழல், உடனே ஒரே கூச்சல். கதை என்னவென்றால், குன்றுக்குக் கீழேயுள்ள குகையில் இருந்த டிராகன் ஆடுமாடுகளையெல்லாம் தின்று தீர்த்தது, வீரர்களால் முடியாததை ஸ்குபா என்ற செருப்புத் தைக்கும் பையன் செய்தான். ஆட்டுத்தோலுக்குள் கந்தகத்தை அடைத்துத் தைத்து வாசலில் வைத்துவிட்டான். அதை விழுங்கிய டிராகன் வயிற்றெரிச்சல் தாங்காமல் வீஸ்வாவைக் குடித்துக் குடித்து வெடித்துச் செத்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கும் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஆறு ஓடும் திசையிலேயே, தண்ணீர் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள். கரை இரண்டு தளமாக இருக்கும். மேல்தளம் மரநிழலில், கீழ்த்தளம் தண்ணீரை ஒட்டி. முழங்கால் வலி உள்ளவர்கள் எங்காவது ஒரு சரிவுப்பாதையில் ஒரே தடவை கீழே இறங்கிவிட்டால் போதும், படிக்கட்டு வழியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கவேண்டாம். நடுவில் ஏன் இவ்வளவு உயரமான கரைச்சுவர் என்று தோன்றும். 2010 மே மாதம் வந்த வெள்ளத்தில் நீங்கள் நடக்கும் இந்தக் கீழ்ப்பாதை முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. பலத்த மழைக்குப் பிறகு ஆறு பழுப்பாக வேகமாக ஓடினால் மேல்தளத்திலேயே நடங்கள்.

வளைவில் அன்னங்கள் கூட்டமாக இருக்கும், நிஜ அன்னம், வெள்ளை வெளேரென்று. அவற்றுக்கு ரொட்டி போடாதீர்கள், அது அவற்றின் உடம்புக்கு ஆகாது.

எதிர்க்கரையில் அலைபோல் வளைந்த கூரையோடு தெரிவது மங்ஹா, ஜப்பானியக் கலை அருங்காட்சியகம். திரைப்பட இயக்குநர் ஆந்த்ஜேய் வாய்தா தனக்கு 1987இல் கிடைத்த கியோட்டோ பரிசுப் பணத்தைக் கொடுத்துத் தொடங்கிவைத்தது, 1994இல் திறந்தார்கள். வாவெலை முழுதாகப் படம் பிடிக்கவேண்டும் என்றால் அந்தக் கரைக்குத்தான் போகவேண்டும், இந்தப் பக்கம் நின்றால் குன்றின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். நேரமிருந்தால் திரும்பும்போது அந்தக் கரை வழியாக வாருங்கள், மாலை வெயில் அரண்மனைமேல் விழும்.

குருன்வால்ட்ஸ்கி பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் இரட்டைக் கோபுரத்தோடு ஸ்காவ்கா தேவாலயம். 1079இல் அரசன் ஆணையால் ஆயர் ஸ்தானிஸ்வாஃப் கொல்லப்பட்ட இடமாக மக்கள் போற்றுவது இது. நிலவறையில் போலந்தின் பெரிய எழுத்தாளர்கள், கலைஞர்கள் பலருடைய கல்லறை இருக்கிறது, 1980இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் செஸ்வாஃப் மிவோஷும் அங்கேதான் உறங்குகிறார். முற்றத்தில் ஒரு குளம், உட்கார இடம், கூட்டமே இருக்காது. ஆனால் வாசல் ஆற்றுப்பக்கம் இல்லை, தெருப்பக்கம் சுற்றிப் போகவேண்டும்.

அதற்கப்புறம் பியூசுட்ஸ்கி பாலம், 1933இல் முடித்தது, இப்போது ஆற்றின்மேல் நிற்பவற்றில் நகரத்தின் பழமையான பாலம். அதைத் தாண்டினால் பெர்னாட்கா, 2010இல் திறந்த நடைபாலம். ஒரே வளைவிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்து ஓடும், ஒன்று நடப்பவர்களுக்கு, ஒன்று சைக்கிளுக்கு. கம்பிவலை முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். மேலே தலையைத் தூக்கினால் கம்பிமேல் ஒற்றைக் காலில், ஒற்றைக் கையில் சமநிலையோடு நிற்கும் மனித உருவங்கள் காற்றில் மெல்ல ஆடும், யெஜி கென்ஜோராவின் சிற்பங்கள். நடந்துபோகிற யாரும் நின்று பார்க்காமல் போவதில்லை.

மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்தான். பாலத்தைக் கடந்து பொட்குஜேப் பக்கம் இறங்கினால் டிராமுக்கு ஐந்து நிமிட நடை, கெட்டோ வீரர்கள் சதுக்கம். அந்தச் சதுக்கம் முழுக்க வெறும் உலோக நாற்காலிகள் இடைவெளி விட்டு நிற்கும். 1941 முதல் 1943 வரை இந்தப் பகுதியில்தான் யூதர்களை நாஜிகள் மதிலுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள், இந்தச் சதுக்கத்தில் திரட்டித்தான் முகாம்களுக்கு அனுப்பினார்கள், அவர்கள் கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்கள் இங்கேயே கிடந்தன. நாற்காலிகள் அதன் நினைவு. ஓரத்தில் ததேயுஷ் பன்கியெவிச்சின் மருந்துக்கடை, கெட்டோவுக்குள் இருந்துகொண்டு மக்களுக்கு உதவியவர், இப்போது அது அருங்காட்சியகம். டிராமுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள், சும்மா சாமானை வைக்கும் இடமாக நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நடை: யோர்டான் பூங்கா, புவோனியா, ருதாவா

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். தேசிய அருங்காட்சியக நிறுத்தத்தில் இறங்கி, மே 3 நிழற்சாலையில் மேற்கே நடந்தால் வலப்பக்கம் யோர்டான் பூங்கா, இடப்பக்கம் புவோனியா.

பூங்காவை 1889இல் திறந்தவர் ஹென்ரிக் யோர்டான் என்ற மருத்துவர். நகரத்துப் பிள்ளைகள் வெளிக்காற்றில் ஓடியாட இடம் வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று தன் சொந்தச் செலவில் உருவாக்கினார். அந்தக் காலத்தில் இது புதுமை. உள்ளே மரங்களுக்கு நடுவே ஒரு கரடிச் சிலை இருக்கும், பெயர் வோய்டெக். 1942இல் ஈரானில் போலந்துப் படைவீரர்கள் குட்டியாக வாங்கி வளர்த்தது, பீரங்கிப் படைக்குப் பொருள் கொண்டுபோகும் பிரிவோடேயே வளர்ந்து, 1944இல் இத்தாலியின் மொந்தே கசீனோ போரில் குண்டுப் பெட்டிகளைத் தூக்கியது, கடைசியில் எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் 1963இல் இறந்தது. இந்தக் கதையைக் கேட்டால் எந்தக் குழந்தையும் சிலையைவிட்டு நகராது.

புவோனியா என்பது 48 ஹெக்டேர் வெட்டவெளி. நகரத்துக்கு நடுவில் கட்டடமே இல்லாத ஒரு முக்கோணப் புல்வெளி, சுற்றளவு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். ஒரு காலத்தில் மாடு மேய்ந்த இடம். பக்கத்துக் கன்னியர் மடத்துக்குச் சொந்தமாக இருந்ததை, 14ஆம் நூற்றாண்டில் ஃபுளோரியன் தெருவில் ஒரு வீட்டுக்கு ஈடாக நகரத்துக்குக் கொடுத்தார்கள் என்றும், அந்த வீடு கொஞ்ச நாளில் எரிந்துபோனது என்றும் சொல்வார்கள். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே திருப்பலி நடத்தியபோது லட்சக்கணக்கில் மக்கள் கூடினார்கள். சாதாரண நாளில் பட்டம், நாய், ஓட்டக்காரர்கள். வெயில் நாளில் தொப்பி அவசியம், நிழல் ஓரத்து நிழற்சாலையில் மட்டும்தான்.

புல்வெளியின் மேற்கு முனையில் இடப்பக்கம் திரும்பிக் கொஞ்சம் போனால் ருதாவா, வாய்க்கால் அளவுதான் இருக்கும் சின்ன ஆறு. அதன் கரைமேல் கிழக்கு நோக்கி, ஆறு ஓடும் பக்கமாக நடந்தால் சல்வாட்டோர் என்ற பகுதி வரும். ருதாவா அங்கேதான் வீஸ்வாவில் கலக்கிறது, கலக்கும் இடத்தில் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தக் கன்னியர் மடம். கார்ப்புஸ் கிறிஸ்டி திருநாள் கழிந்து ஒரு வாரத்தில் வரும் வியாழனன்று லைகோனிக் ஊர்வலம் இந்த மடத்திலிருந்துதான் கிளம்பும். தாத்தார் உடை போட்ட ஒருவர் இடுப்பில் மரக்குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு ஆடியபடி சந்தைச் சதுக்கம் வரை போவார், பார்த்தவுடன் உங்களுக்குப் பொய்க்கால் குதிரை ஞாபகம் வரும். கையிலுள்ள தண்டத்தால் அவர் தட்டினால் அந்த வருடம் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை.

சல்வாட்டோரில் டிராமின் கடைசி நிறுத்தம், களைத்தவர்கள் அங்கேயே ஏறிவிடலாம். தெம்பிருந்தால் இரண்டு வழி. ஒன்று, வீஸ்வாவின் கரையோடு வாவெல் வரை நடப்பது, முழுக்கத் தட்டை. இன்னொன்று, நிழற்சாலையில் மேலே ஏறிக் கொஷ்சுஷ்கோ மேட்டுக்குப் போவது. நாட்டு விடுதலைக்குப் போராடிய ததேயுஷ் கொஷ்சுஷ்கோவின் நினைவாக 1820 முதல் 1823 வரை மக்கள் மண் சுமந்து கொட்டி எழுப்பிய செயற்கைக் குன்று, 34 மீட்டர் உயரம், அவர் போரிட்ட களங்களின் மண்ணும் அதில் இருக்கிறது. உச்சிக்குச் சுழல்பாதை, நுழைவுக் கட்டணம் உண்டு. வானம் தெளிந்த நாளில் தெற்கே தாத்ரா மலைத்தொடர் தெரியும். ஏற்றம் மெதுவானது, ஆனாலும் ஏற்றம்தான். அம்மாவை நான் அடிவாரம் வரை பேருந்தில் கூட்டிப்போனேன்.

கோடையில் மட்டும் ஒரு கூடுதல்

சக்ஷூவெக். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து, செங்குத்தான வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே நீலப்பச்சையாகக் கிடக்கிறது. 2023இல் மிதக்கும் மேடைகளோடு நீச்சல் இடம் திறந்தார்கள், கட்டணம் இல்லை. வார இறுதியில் வரிசை நீளும், வார நாள் காலையில் போங்கள். நீந்தாவிட்டாலும் மேலே பாறையோரம் நடக்கலாம், தடுப்பைத் தாண்டவேண்டாம்.

நான்காம் நடை: பொட்குஜே, கொஞ்சம் ஏறத் தெரிந்தவர்களுக்கு

பெர்னாட்கா பாலத்திலிருந்தே தொடங்குங்கள். பொட்குஜே 1915 வரை தனி ஊர், அதனால் அதற்கென்று தனிச் சந்தைச் சதுக்கம் உண்டு, முக்கோண வடிவில், உச்சியில் கூர்கோபுரத்தோடு யோசேப்பு தேவாலயம். அதன் பின்னால் மேட்டில் பெட்னார்ஸ்கி பூங்கா. வோய்சியெக் பெட்னார்ஸ்கி என்ற பள்ளி ஆசிரியர் கைவிட்ட கல்குவாரி ஒன்றை மரம் நட்டுப் பூங்காவாக்கினார், 1896இல் திறந்தார்கள். இன்றும் ஒரு பக்கம் செங்குத்தான வெள்ளைப் பாறைச் சுவர் நிற்கும், அதன் நிழலில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இங்கே படிகள் உண்டு, குழந்தை வண்டியோடு வருகிறவர்கள் கீழ்ச்சரிவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கிருந்து தெற்கே அரைமணி நேரத்துக்குள் கிராகுஸ் மேடு. ஊரை நிறுவியதாகச் சொல்லும் கிராகுஸ் அரசனின் சமாதி என்பது நம்பிக்கை, 16 மீட்டர் உயரம், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமை. கட்டணம், வாசல், வேலி எதுவும் கிடையாது, வெறும் புல்மூடிய மேடு. கடைசி ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, மழை பெய்திருந்தால் வழுக்கும், அடியில் பிடிமானம் உள்ள காலணி வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலே இருக்கும்படி கிளம்புங்கள். வாவெல், மரியா தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள், தூரத்தில் கொஷ்சுஷ்கோ மேடு எல்லாம் ஒரே வரிசையில் தெரியும், இத்தனை நாள் நடந்த இடங்களை விரல் நீட்டிக் காட்டலாம். ஒரு போர்வையும் ஃபிளாஸ்கில் டீயும் கொண்டுபோங்கள், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இறங்கும் பாதையில் விளக்கு கிடையாது, கைபேசியில் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் பேட்டரியை மிச்சம் வைத்துக்கொண்டு, கீழே பெரிய சாலைக்கு வந்து டிராமைப் பிடியுங்கள்.